கோதாரியும் உப்புத்தண்ணீரும்: ஒரு மென்சவ்வின் வரலாறு

புலம்பெயர் தமிழர் மத்தியில் 'ஒருங்கிணைவா, கரைந்துபோதலா' என்ற விவாதம் எழும்போதெல்லாம் ஒரு விஞ்ஞானச் சொல் இரவல் வாங்கப்படுகிறது. பெரிய சமூகத்தினுள் சிறிய சமூகம் 'பிரசாரணத்தால்' மெல்ல மெல்லக் கரைந்துவிடும் என்கிறார்கள். மேடைகளிலும் கட்டுரைகளிலும் இந்த வாக்கியத்தின் பல வடிவங்களைக் கேட்டாயிற்று. சொல்பவர்களில் அநேகர் ஊரில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர்கள். இருந்தும் உவமை தலைகீழாகவே நிற்கிறது. பிரசாரணத்தில் நகர்வது நீர். உப்போ சர்க்கரையோ, அதாவது கரையம், இருந்த இடத்திலேயே இருக்கும். மென்சவ்வு அதனை வெளியே விடாது. ஐதான பக்கத்திலிருக்கும் நீர்தான் செறிந்த பக்கத்தைத் தேடிப் போகும். கரையமே பரவிக் கலந்துவிடுவது பரவல் என்னும் வேறொரு நிகழ்ச்சி. சிறுபான்மையை உப்பாகக் கொண்டால், இந்த உவமையின்படி பெரும்பான்மைதான் எம்மைத் தேடி வரவேண்டும். ஈஸ்ற்ஹாமில் தோசைக்கடை வாசலில் வரிசையில் நிற்கும் வெள்ளையர்களைக் கண்டவர்கள் வேண்டுமானால் அதை நம்பலாம்.

உவமையைத் திருத்துவதற்காக ஒரு கட்டுரை தேவையில்லை. இந்தச் சொல்லின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் லண்டன் மூன்று நான்கு தடவை தலைகாட்டுகிறது. யாழ்ப்பாணம் ஓரமாக வந்துபோகிறது. ஓர் அகதிமுகாம் நடுவில் நிற்கிறது. அகதிகளின் வரலாற்றை இழப்புகளின் பட்டியலாக மட்டுமே எழுதப் பழகிவிட்ட எமக்கு, அந்த முகாமில் நடந்தது தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதனை எழுதுவதற்கான காரணம்.

முதலில் சொல் பற்றிச் சிறிது. 1748இல் பாரிஸில் நொலே என்ற பாதிரியார் மதுசாரம் நிறைந்த பாத்திரமொன்றின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுக மூடி நீருக்குள் அமிழ்த்திவைத்தார். மூடி வெளிநோக்கிப் புடைத்தது. ஊசியால் குத்தியதும் திரவம் பீறிட்டது. ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1820களில் பிரெஞ்சு மருத்துவரான டியூட்ரோஷே உட்செல்லும் ஓட்டத்துக்கு ஒரு பெயரும் வெளிச்செல்லும் ஓட்டத்துக்கு ஒரு பெயருமாகக் கிரேக்கத்திலிருந்து இரு சொற்களை ஆக்கினார். தாவரத்தின் கலங்களில் சாறு ஏறுவதும் இறங்குவதும் இதனாற்றான் எனத் துணிந்து சொன்னவரும் அவரே. லண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் தோமஸ் கிறஹாம் 1854இல் அந்த இரு சொற்களின் முன்னொட்டுகளையும் வெட்டியெறிந்துவிட்டு எஞ்சியதை வைத்துக்கொண்டார். இன்று உலகம் வழங்கும் பெயர் அப்படி வந்தது. பாரிசவ்வினூடாக நுண்ணிய கரையங்களைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1861இல் பெயர் வைத்தவரும் அவரே. சிறுநீரகம் பழுதடைந்த எம்மவர் பலர் வாரம் மூன்று தடவை வைத்தியசாலைக்குப் போவது அந்த முறையின் பேரப்பிள்ளையிடந்தான்.

தமிழில் இச்சொல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இலங்கையில் பிரசாரணம்; தமிழ்நாட்டில் சவ்வூடு பரவல். அதுவாவது பரவாயில்லை, இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்று கண்டதும் தெரிகிறது. 'நீரழுத்தம்' என்ற சொல்லில்தான் வில்லங்கம். இலங்கைப் பாடநூல்களில் அழுத்தம் என்றால் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு நகர்வதற்கான ஆற்றலின் அளவு, மின்னழுத்தம் என்பதைப்போல. தள்ளும் விசைக்கு நாம் அமுக்கம் என்கிறோம். தமிழ்நாட்டிலோ அந்தத் தள்ளும் விசைக்குப் பெயர்தான் அழுத்தம். எமது நீரழுத்தத்தை அவர்கள் நீரியல் திறன் என்பார்கள். ஆகவே 'கலத்தின் நீரழுத்தம் குறைந்தது' என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் எழுதினால், மதுரை மாணவன் கலத்துக்குள் நீரின் தள்ளல் குறைந்தது என்று விளங்கிக்கொள்வான். உப்பைப் போட்டாலும் நீரழுத்தம் குறையும், தள்ளலைக் குறைத்தாலும் குறையும். அவன் பாதியைத்தான் விளங்கியிருப்பான். உலகத் தமிழர் ஒற்றுமை பற்றி மாநாடு கூட்டுகிறவர்கள் இந்த ஒரு சொல்லில் ஒன்றுபட்டிருந்தாலே பெரிய காரியம். இக்கட்டுரையில் நான் இலங்கை வழக்கையே கையாள்கிறேன்.

இனிக் கோதாரி.

யாழ்ப்பாணத்தில் இன்று அது வெறும் வசைச்சொல். கிழவிகள் பேரப்பிள்ளைகளைச் செல்லமாகத் திட்டுவதற்கும் பயன்படும். ஆனால் அது வாந்திபேதியின் பெயர். காலையில் தோட்டத்துக்குப் போனவன் மாலையில் பாடையில் கிடந்த காலத்தின் எச்சமாகச் சொல் மட்டும் தங்கிவிட்டது. வங்காளத்திலிருந்து 1817இன் பின் புறப்பட்ட அந்த நோய் 1831 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் துறைமுகத்தில் இறங்கியது. 1832 பெப்ரவரியில் லண்டனுக்கு வந்துசேர்ந்தது. நோயாளியின் கண் குழிவிழும், தோல் சுருங்கும், குரல் அடங்கும், உடல் நீலம்பாரிக்கும். அக்கால வைத்தியம் நரம்பை வெட்டி இரத்தத்தை வடிப்பது. தண்ணீர் கேட்டுக் கதறியவனுக்குத் தண்ணீர் மறுப்பது.

லண்டனில் அப்போது ஓஷோனெசி என்ற இருபத்திரண்டு வயது ஐரிஷ்காரர் இருந்தார். எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றவர். லண்டனில் தொழில் பார்க்க அவருக்கு உரிமம் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி இரசாயனப் பகுப்பாய்வு செய்து காலந்தள்ளினார். (பட்டத்தோடு வந்து பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை பார்த்த எம் டொக்டர்மாருக்கு இந்தக் கதை புதிதாக இராது.) அவர் நோய் பரவிய வடக்குக்குச் சென்று நோயாளிகளின் குருதியைச் சோதித்தார். குருதியில் நீர் பெருமளவு குறைந்திருந்தது, உப்புகளும் குறைந்திருந்தன, குறைந்த அந்த உப்புகள் கழிச்சலில் இருந்தன. 1831 டிசம்பரில் லான்செற் சஞ்சிகைக்கு இந்த முடிவை எழுதியனுப்பினார். இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு நோயின் மர்மத்தை இரசாயனக் கணக்காக மாற்றிய கடிதம் அது.

1832 மே மாதம் ஸ்கொட்லாந்தின் லெய்த்தில் தோமஸ் லாற்றா என்ற மருத்துவர் இதனைச் செய்துபார்த்தார். முதல் நோயாளி சாகக்கிடந்த ஒரு மூதாட்டி. வேறெல்லா வைத்தியமும் தோற்றபின் அவரது கைநாளத்தில் குழாயைச் செருகி உப்புநீரை மெல்ல மெல்லச் செலுத்தினார். ஆறு பைந்து உள்ளே போனபோது கண்ணில் ஒளி வந்தது, நாடி திரும்பியது, மூதாட்டி பேசினார். களைத்துப்போன லாற்றா அவரை வைத்தியசாலைப் பொறுப்பாளரிடம் விட்டுச் சென்றார். கழிச்சல் மீண்டும் தொடங்கியது. மீண்டும் நீர் ஏற்றப்படவில்லை. ஐந்தரை மணித்தியாலத்தில் மூதாட்டி இறந்தார். தொடர்ந்து செலுத்தவேண்டும் என்ற பாடத்தை லாற்றா கற்றுக்கொண்டார், சிலரைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் 1833இல் அவரே இறந்துபோனார். கொள்ளைநோய் தணிந்ததும் முறையும் மறக்கப்பட்டது.

ஏன் மறக்கப்பட்டது என்பது கவனத்திற்குரியது. கிருமி பற்றி எவருக்கும் தெரியாது. நீரும் ஊசியும் அழுக்கு. சாவின் விளிம்பில் நின்றவர்களுக்கே முறை பரீட்சிக்கப்பட்டது. இன்னொரு காரணம் எமது தலைப்போடு நேரே தொடர்புள்ளது. லாற்றாவின் ஆரம்பக் கரைசல் குருதியைவிட வெகு ஐதானது. எவ்வளவு உப்புச் சரியான அளவு என்பதை அளவிட அப்போது வழியில்லை. செங்குருதிக்கலத்துக்கு அதன் மென்சவ்வைத் தவிர வேறு கவசம் கிடையாது. தூயநீரில் விட்டால் நீர் உட்புகுந்து, கலம் வீங்கி, வெடித்துவிடும். செறிந்த உப்புநீரில் விட்டால் நீரை இழந்து முட்பந்துபோலச் சுருங்கும். குருதிக்குள் எதையாவது ஊற்றுபவர் இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே நடக்கவேண்டும். 1832இல் அந்தப் பாதை இருட்டு.

ஓஷோனெசி 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். அங்கே இரசாயனப் பேராசிரியரானார், கஞ்சாவின் மருத்துவப் பயனை ஆராய்ந்தார், பின்னர் இந்தியாவின் தந்திக்கம்பிகளை நட்டார். வாந்திபேதிக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அந்நோயின் தாயகத்திலேயே வாழ்ந்துகொண்டு அவர் அதை விட்டுவிட்டது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. லண்டனில் ஜோன் ஸ்னோ 1849இலும் 1855இலும் எழுதியவற்றில், நோய் குடலில்தான் தொடங்குகிறது, மற்றெல்லாம் நீரிழப்பின் விளைவு என்று தெளிவாகச் சொன்னார். சோஹோவின் புறோட் வீதித் தண்ணீர்ப் பம்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் இதே காலத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் வந்திறங்கியிருந்தார். 1847இல் வந்தவர், 1848இலிருந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்தவர். அவரது சேவைக்காலத்தில் கோதாரி குடாநாட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அவரைப் பற்றி எமது எழுத்தாளர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். மதமாற்ற நோக்கம் பற்றியும் எழுதப்பட்டுவிட்டது, அதில் பொய்யில்லை. எனக்கு முக்கியமானது அவர் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார் என்பது. ஆங்கிலத்தில் படித்தவன் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரில் தங்கி வைத்தியம் பார்ப்பான் என்பது அவரது கணக்கு. அக்கணக்கு எவ்வளவு சரியென்பதற்கு லண்டனில் உட்கார்ந்து இதை எழுதுவதும் வாசிப்பதுமே போதிய சான்று. அவரும் மாணவரும் மொழிபெயர்த்த 'மனுஷ சுகரணம்' என்ற உடற்றொழிலியல் நூல் 1883இல் வெளிவந்தது. மூலநூலாசிரியர் அமெரிக்கரான டால்ரன். அணுக்கொள்கை சொன்ன ஆங்கிலேய டால்ரன் அல்லர், இருவரையும் குழப்பும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதே 1883இல் லண்டனில் சிட்னி றிங்கர் ஒரு திருத்தக் கட்டுரை வெளியிட்டார். யூனிவேர்சிற்றிக் கல்லூரி வைத்தியசாலை மருத்துவரான அவர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புநீரில் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். மணிக்கணக்காகத் துடித்தது. பிறகு கரைசலைக் காய்ச்சிவடித்த நீரில் தயாரித்தபோது துடிப்பு விரைவில் நின்றது. முன்னைய கரைசல் குழாய்த்தண்ணீரில் ஆக்கப்பட்டது எனத் தெரியவந்தது. அது நியூ றிவர் கம்பனியின் தண்ணீர். 1613இலிருந்து ஹேட்போட்ஷயரின் சுண்ணாம்பு ஊற்றுகளிலிருந்து லண்டனுக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் நீர். அந்தச் சுண்ணாம்பிலிருந்த கல்சியமே இதயத்தைத் துடிக்கவைத்தது. கேத்திலில் படியும் வெள்ளைக்காக லண்டன் தண்ணீரைத் திட்டுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்திருக்கலாம். சுருங்கச் சொன்னால், கரைசலின் செறிவு சரியாயிருந்தால் மட்டும் போதாது, எந்த அயன்கள் என்பதும் முக்கியம். இன்றும் வைத்தியசாலைகளில் தொங்கும் பைகளில் றிங்கரின் பெயர் இருக்கிறது.

ஆனால் செறிவின் கணக்கைத் தந்தது தாவரங்களே. விலங்குக் கலத்தில் இந்த அளவீடு சிரமம். வெடித்துவிடும், அல்லது உருக்குலையும். தாவரக்கலத்தைச் சுற்றித் தடித்த கலச்சுவர் இருக்கிறது. தூயநீரில் விட்டாலும் நீர் உட்சென்று கலம் விறைத்து, சுவர் திருப்பித் தள்ளும் அமுக்கம் உள்நுழைவைச் சமன்செய்யும்வரை ஏறி நின்றுவிடும். கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது அந்த அமுக்கத்தால். மோட்டார்வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றின் அமுக்கத்தைவிட அது அதிகமாயிருப்பது சாதாரணம். செறிந்த கரைசலில் விட்டால் உள்ளிருக்கும் முதலுரு சுவரைவிட்டுச் சுருங்கி விலகும். சுவர் அப்படியே நிற்கும். ஆகவே எந்தச் செறிவில் சுருக்கம் தொடங்குகிறது என்று நுணுக்குக்காட்டியில் கண்ணாலேயே பார்க்கலாம். ஹூகோ டி வ்றீஸ் 1884இல் இதைத்தான் செய்தார். றியோ இலையின் ஊதாநிற மேற்றோலை உரித்துச் சீனிக் கரைசல்களில் போட்டு, பாதிக் கலங்கள் சுருங்கும் செறிவைக் குறித்துக்கொண்ட எமது உயர்தரச் செய்முறைப் பரீட்சை அவரது பரிசோதனையின் வழித்தோன்றலே.

அதற்குமுன் 1877இல் வில்ஹெல்ம் பெஃபர் என்ற ஜேர்மன் தாவரவியலாளர் நுண்துளை மட்பாத்திரத்தின் சுவருக்குள் செயற்கை மென்சவ்வொன்றைப் படியவைத்து, வெறும் ஒரு வீதச் சீனிக்கரைசல் வளிமண்டல அமுக்கத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமாகத் தள்ளுகிறது என அளந்திருந்தார். அம்ஸ்ரர்டாமில் டி வ்றீஸ் தனது சகபேராசிரியர் வன்ற் ஹொஃப்பிடம் இந்த எண்களைப் பற்றிச் சொன்னார். வன்ற் ஹொஃப், ஐதான கரைசலிலுள்ள கரையம் வாயுக்களின் விதியையே பின்பற்றுகிறது எனக் காட்டினார். 1901இல் இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஹம்பேர்கர் என்ற டச்சுக்காரர் அதே கேள்வியைச் செங்குருதிக்கலத்திடம் கேட்டு, மனிதக் குருதிக்குச் சமமான உப்புநீர் 0.9 வீதம் என்று கண்டார். லாற்றாவுக்கு இல்லாமற்போன எண் அதுதான். அது கிடைக்க அறுபது வருடங்கள் பிடித்தன, இலைகளிடமும் மட்பாண்டங்களிடமும் கேட்டுத்தான் கிடைத்தது.

பின்னர் தாவரவியலாளர்கள் உறிஞ்சல் அமுக்கம், பரவலமுக்கக் குறைவு என்று ஏதேதோ பெயர்களோடு மல்லுக்கட்டினார்கள். 1960இல் ஸ்லற்றியர், ரெய்லர் ஆகிய இருவரும் எல்லாவற்றையும் நீரழுத்தம் என்ற ஒரே எண்ணக்கருவில் அடக்க முன்வைத்தார்கள். தூயநீரின் அழுத்தம் பூச்சியம். உப்பைப் போட்டால் பூச்சியத்துக்குக் கீழே போகும். நெருக்கினால் மேலே ஏறும். நீர் எப்போதும் உயர்ந்த அழுத்தத்திலிருந்து தாழ்ந்ததற்குப் பாயும். மண், வேர், தண்டு, இலை, வளி எல்லாவற்றையும் ஒரே படிக்கட்டில் வைக்கலாம். கடல்நீர் அந்தப் படிக்கட்டில் ஏறத்தாழ இருபத்தைந்து வளிமண்டலம் கீழே நிற்கிறது. கண்டல் மரம் அதனிலும் கீழே தன் சாற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடலிலிருந்து நன்னீர் குடிக்கிறது. நெல்லாலும் வெங்காயத்தாலும் அது முடியாது.

இது யாழ்ப்பாணத்தவனுக்கு வெறும் பாடமல்ல. குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் ஒரு வில்லைபோல உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் இருக்கும். அந்தக் கணக்கை மறுபக்கமாகவும் வாசிக்கவேண்டும்: மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழே நாற்பது மீற்றர் உவர் ஏறும். துலாமிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் காற்களைப்புக் கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் வந்தபின் அந்தக் காவல் போயிற்று. கிணறு உவரானால் தோட்டம் நீர் நிறைந்து கிடக்கும்போதே வாடும். மண்ணின் நீரழுத்தம் வேரினதைவிடத் தாழ்ந்துவிட்டால் எவ்வளவு இறைத்தும் பயனில்லை. வாடுகிற பயிருக்கு மேலும் உவர்நீரை இறைப்பவர் சாவகாசமாக அதைக் கொல்கிறார். உயிரியலில் 'ஏ' எடுத்த பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் இது நடந்தது. பாடத்தையும் கிணற்றையும் இணைத்துக் கற்பிக்கும் வழக்கம் எம்மிடம் இருக்கவில்லை. பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியது பிரசாரணம்; கிணற்றுக்குரியது தலைவிதி.

பல்கலைக்கழகம் என்றதும் ஓர் எண். 1971இல் மருத்துவபீடத்துக்கு எடுக்கப்பட்டவர்களில் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது; சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதுமாயிருந்தது. எம்மில் ஒரு தலைமுறையின் அரசியல் அந்த இடைவெளியிலிருந்து தொடங்குகிறது. அது பற்றி நிறைய எழுதிவிட்டோம். அதே 1971இல், அதே உபகண்டத்தின் மறுமுனையில், மேற்சொன்ன விஞ்ஞானம் முழுவதும் ஓர் அகதிமுகாமில் பரீட்சைக்கு நின்றது.

அதன் முன்கதை கல்கத்தாவில் இருக்கிறது. சம்புநாத் டே என்ற நோயியலாளர் 1940களின் இறுதியில் லண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரி வைத்தியசாலை மருத்துவப் பாடசாலையில் றோய் கமரனின் கீழ் கலாநிதிப் பட்டம் செய்தவர். வாந்திபேதிக்கிருமி குடலின் உட்தோலை உரித்துவிடுகிறது, அதனாற்றான் நீர் கொட்டுகிறது என்ற நம்பிக்கை அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. டே முயலின் குடற்பகுதியைக் கட்டி, கிருமியே இல்லாத, கிருமி வளர்ந்த ஊடகத்தின் வடிதிரவத்தை மட்டும் உட்செலுத்தினார். குடல் நீரால் நிரம்பியது. உட்தோல் உரியவில்லை. 1959இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியான அந்த முடிவு, கிருமி சுரக்கும் நஞ்சே நோய் என்று நிறுவியது. நஞ்சு செய்வது பிற்பாடு தெளிவாயிற்று: குடற்கலங்களைக் குளோரைட்டு அயன்களை வெளியே கொட்டவைக்கிறது, சோடியமும் கூடவே போகிறது, குடலின் உட்பக்கம் நீரழுத்தம் தாழ்கிறது, உடலின் நீர் பின்தொடர்கிறது. கோதாரி என்பது, கடைசிக் கணக்கில், பிரசாரணம். டேக்குத் தாயகத்தில் கிடைக்கவேண்டிய மதிப்பு வாழ்நாளில் கிடைக்கவில்லை. 1985இல் காலமானார்.

மற்றக் கதவை றொபேட் கிறேன் 1960இல் திறந்தார். குடற்கலம் குளுக்கோசையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளெடுக்கிறது என்பது அவரது விளக்கம். அந்த வாயிலை நஞ்சு மூடுவதில்லை. அப்படியாயின் சர்க்கரையோடு உப்பைக் குடிக்கக் கொடுத்தால் உப்பு உள்ளே போகும், நீர் அதன்பின்னே போகும். நாளத்தில் ஊசி தேவையில்லை. உண்மையில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர் 1953இலேயே கடுமை குறைந்த 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்து லான்செற்றில் எழுதியிருந்தார். ஏன் வேலைசெய்கிறது என்ற விளக்கம் அப்போது இருக்கவில்லை, எவரும் பொருட்படுத்தவில்லை. 1968இல் டாக்காவில் நலின், காஷ் ஆகிய இளம் அமெரிக்க மருத்துவர்களும் வங்காளச் சகாக்களும் கடுமையான நோயாளிகளிலும் அது பயன்தருவதை நிறுவினார்கள். அதன்பின்னும் நிபுணர்கள் தயங்கினார்கள். பயிற்சிபெற்றவர் அளந்து கொடுத்தால் சரி, படிப்பறியாதவர் கையில் கொடுக்கலாமா என்பது அவர்களது கேள்வி.

1971 மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவம் பாய்ந்தது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லைகடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மழை தொடங்கியது. முகாம்களில் கோதாரி. எல்லையோர ஊரான பொங்கானில் மட்டும் மூன்றரை இலட்சம் பேர். ஜூன் இறுதியில் அங்கே அனுப்பப்பட்ட திலிப் மகாலநபிஸ் கல்கத்தாக்காரர். லண்டனில் ஹக்னி வீதிச் சிறுவர் வைத்தியசாலையில் பதிவாளராக வேலைசெய்து திரும்பியவர். வைத்தியசாலையின் இரண்டு அறைகளிலும் தரை முழுக்க நோயாளிகள். மருந்தேற்ற மண்டியிட்டால் முழங்கால் மலத்திலும் வாந்தியிலும் பதியும் என்று அவர் பின்னர் விபரித்திருக்கிறார். சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது.

அவர் செய்தது எளிமையானது. ஒரு லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் சோடியம் இருகாபனேற்று. கல்கத்தாவில் நிறுத்துப் பைகளில் அடைத்து அனுப்பினார்கள். பொங்கானில் பெரிய பீப்பாய்களில் கரைத்துக் குழாய் பொருத்தி வைத்தார்கள். லீற்றருக்குப் 11 பைசா. கொடுத்தவர்கள் தாதிமார் அல்லர், தாதிமார் போதாது. தாயும் தமக்கையும் பாட்டியும் குவளையில் பிடித்து வாய்க்குள் ஊற்றினார்கள். வாந்தியெடுத்தால் மறுபடி ஊற்றினார்கள். அவ்வாறான முகாம்களில் நூற்றுக்கு முப்பதுவரை இருந்த சாவு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைபெற்ற அவ்விடத்தில் 3.6 ஆகக் குறைந்தது.

இந்த வரலாற்றைச் சொல்லும் நூல்கள் மகாலநபிஸின் பெயரைச் சொல்கின்றன; அது நியாயமே. ஆனால் நிபுணர்களின் கேள்வி என்னவாயிருந்தது? கரைசல் வேலைசெய்யுமா என்பதல்ல, அது டாக்காவில் தீர்ந்துவிட்டது. படிப்பறியாத ஏழைகள் அதைச் சரிவரக் கொடுப்பார்களா என்பது. அதற்கான விடையை எழுதியவர்கள் அந்த அகதிப்பெண்கள். அவர்களில் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரிந்த எந்தப் பதிவிலும் இல்லை. அகதி என்பவர் உதவி பெறுபவர், அறிவு வெளியிலிருந்து வந்து அவரைக் காக்கும் என்ற சித்திரத்தை வெள்ளைக்கார நிறுவனங்கள் மட்டும் வரையவில்லை. எமது சொந்த நிறுவனங்களின் அறிக்கைகளும் அதையே வரைகின்றன.

இதற்கு மறுமுனையில் நிற்பவர்களும் உண்டு. உப்புப்போட்ட கஞ்சித்தண்ணீரும் இளநீரும் எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்தவைதானே, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பார்கள். கஞ்சி நல்லது, மாப்பொருள் குடலில் சிறிது சிறிதாகவே குளுக்கோசாக உடைவதால் கரைசலின் செறிவு கூடாமல் சர்க்கரை கிடைக்கிறது, ஆய்வுகளும் அதனை ஏற்றுக்கொண்டன. இளநீரில் சோடியம் மிகக் குறைவு. கோதாரிக்கு அது மட்டும் போதாது. ஆனால் அதே பாட்டிமாரின் ஊரில் பேதிக்காரனுக்குத் தண்ணீர் காட்டாதே என்ற வழக்கமும் இருந்தது. இரண்டில் எது சரி, எவ்வளவு, ஏன் என்று பிரித்தறிவதற்குத்தான் பன்றியின் சிறுநீர்ப்பையும் றியோ இலையும் முயலின் குடலும் தேவைப்பட்டன.

மகாலநபிஸின் அறிக்கை 1973இல் வெளிவந்தது. 1978இல் லான்செற் ஆசிரியத்தலையங்கம் இதனை அந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என மதிப்பிட்டது. இலங்கையில் அது 'ஜீவனி' பையாக எமது வீடுகளுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் முதலில் அங்கீகரித்த கரைசல் லீற்றருக்கு 311 மில்லி ஒஸ்மோல், குருதியைவிடச் சற்றுச் செறிந்தது. அதனால் குழந்தைகளின் கழிச்சல் சிலவேளை கூடிற்று. நீர் உள்ளே போவதற்குப் பதில் குடலுக்குள் இழுபட்டது. 2002இல் அது 245ஆகக் குறைக்கப்பட்டது. பையைப் பாதித் தண்ணீரில் கரைத்தால் மருந்து இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரட்டிப்பாவது செறிவு, அந்தக் குவளை பிள்ளையின் உடலிலிருந்து நீரை வெளியே இழுக்கும். ஊரில் உள்ளவர்களுக்குத் தொலைபேசியில் வைத்தியம் சொல்லும் பழக்கம் எம்மவர்க்கு அதிகம். பையில் ஒரு லீற்றர் என்று எழுதியிருந்தால் ஒரு லீற்றர் என்றே சொல்லுங்கள்.